அராவிய இரும்பு

கையிலிருந்த இரும்புத் துண்டின் விளிம்பு நேராக வராவிட்டால் பட்டறைத் தேர்வில் தேற முடியாது. பொறியியல் முதலாண்டு மாணவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலப்பக்கம் மேடு. அரத்தால் அராவினாள், இடப்பக்கம் மேடாகிவிட்டது. அதையும் அராவினாள். அவள் படிப்பில் புலி என்று ஊரே சொன்னது. ஊர் சொல்வதை அரம் எங்கே கேட்கிறது?

"என்னம்மா, இரும்பைக் கரைச்சுக் குடிக்கப் போறியா?" என்றார் பட்டறை ஆசிரியர். "அளந்து பாத்தியா?"

அளந்தாள். விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராகிவிட்டது. துண்டுதான் கேட்ட அளவைவிடக் குறைந்துவிட்டது.

"வேற துண்டு குடுங்க சார்."

"ஆளுக்கு ஒண்ணுதான். இதென்ன தலைமுடியா, திரும்ப வளர?"

மேசையில் கிடந்த இரும்புத் தூளைக் கையால் கூட்டிக் குவித்தாள். குறைந்ததெல்லாம் அங்கேதான் கிடந்தது. ஒட்டத்தான் வழியில்லை.