வயிற்றுக்குள் ஒரு ஃபவுல்

அக்கா ஹாக்கி சங்கத்தில் தேர்வாளராகச் சேர்ந்த காலத்தில், தலைமுறைக்கு ஒருவராக வரப்போகிற ஆட்டக்காரரைப் பதினாறு வயதில் தேடினார்கள். அடுத்த சங்கத்துக்காரர்கள் முந்திக்கொண்டு பன்னிரண்டில் பிடித்தார்கள். இவர்கள் எட்டுக்கு இறங்கினார்கள். போன மாதம் அவர்கள் தவழுகிற குழந்தை ஒன்றின் படத்தைப் பேப்பரில் போட்டதும் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"இந்த மாசத்துக்குள்ள நமக்கும் ஒண்ணு வேணும்மா. இல்லேன்னா நீ வேற வேலை பாத்துக்க."

அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. பதற்றத்தில், தன் தங்கை எட்டு மாதக் கர்ப்பம் என்று உளறிவிட்டாள். தங்கை ஒரு காலத்தில் கோலாக அடித்துக் குவித்தவள். தலைவர் முகத்தில் பல்பு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவரும் சங்கத்து டாக்டரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தங்கை சோபாவில் கால் நீட்டி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஓடச் சொல்லுங்க, பாப்போம்," என்றார் தலைவர்.

"யாரை, என்னையா?"

"உள்ள இருக்கிறவங்களை."

தலைவர் பையிலிருந்து பந்தை எடுத்துத் தங்கையின் வயிற்றின் மேல் பக்குவமாக வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளிருந்து ஓர் உதை. பந்து துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடிற்று. டாக்டர் கைதட்டினார். தலைவர் விசில் ஊதினார்.

"ஃபவுல்! ஹாக்கியில பந்து கால்ல படலாமா?"

"சின்ன வயசுதானே சார், திருத்திடலாம்," என்றார் டாக்டர்.

"சின்ன வயசா? இன்னும் வயசே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஃபவுல்!" தலைவர் அக்காவிடம் திரும்பினார். "கால்ல உதைச்சது சரிதான்னு ஒரே ஒரு காரணம் சொல்லும்மா. இங்கயே கையெழுத்துப் போடறேன். உன் வேலையும் தப்பிக்கும்."

காரணம் அக்காவின் நுனிநாக்கில் இருந்தது. கோல்கீப்பர் மட்டும் காலால் உதைக்கலாம். அவளே பல வருடம் கோல்கீப்பராக நின்றவள்தான். தடுத்த பந்துகளை யாரும் நினைவில் வைக்கவில்லை. விட்ட ஒரு பந்தைப் பற்றி அவள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட விசாரித்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் தங்கையை எல்லோரும் கட்டிக்கொள்ளும்போது, இவள் இந்தக் கோடியில் தனியாக நின்று கைதட்டுவாள். கனத்த கையுறைக்குள் சத்தம்கூட வராது.

இந்தக் குழந்தை தங்கையைப் போல இல்லை, தன்னைப் போல என்று ஒரு சந்தோஷம் உள்ளே எழுந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். பிறக்காத பிள்ளையைக் கொண்டுபோய்த் தன் இடத்தில் நிறுத்தப் பார்த்தாளே!

"ஃபவுல்தான் சார்," என்றாள்.

தலைவர் தரையில் படுத்து, அலமாரிக்கு அடியில் கைவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டார். "ஆபீஸ் சாவியை நாளைக்குக் குடுத்துரும்மா."

அவர்கள் போய்க் கதவைச் சாத்தியதும் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "கோல்கீப்பர்னு சொல்லியிருக்கலாமேக்கா. எனக்கே தோணுச்சு."

"தோணுச்சுல்ல, நீ ஏன் வாயத் திறக்கல?"

"பெரியம்மா நீ இருக்கியே, நீயே சொல்லட்டும்னு பாத்தேன். இப்ப வேலை போச்சே, என்ன பண்ணுவ?"

"தெரியல. தள்ளி உக்காரு." பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் வயிற்றில் கை வைத்தாள். உள்ளங்கையின் நட்டநடுவில் சரியாக வந்து விழுந்தது ஓர் உதை.

"என்னக்கா?"

"ஃபவுல்," என்றாள் அக்கா, கையை எடுக்காமல்.