இடப்பக்கம்

வெங்கிடேஸ்வரனுக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் களமசேரி ஆலையில் உடன் வேலை பார்த்த நாணு பாறை ஏறும் குழு ஒன்றைத் தொடங்கியபோது அவனும் சேர்ந்துகொண்டான். கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே. 1981 தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டாஞ்சேரி வீட்டில் தனியாக இருந்து அலுத்துப்போன அவன் மனைவி திரிபுரசுந்தரியும் கூடவே கிளம்பினாள். மூன்றே மாதத்தில் குழுவில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வாளையாருக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புப் பாறை. அதில் இரண்டு வழிகளில் ஏறியாகிவிட்டது. நடுவில் மூக்குபோல் துருத்தி நிற்கும் இடம்தான் பாக்கி. நாணு அங்கே இரண்டு முறை தோற்றிருந்தான்.

"மேலே ஒரு பிடி உண்டு சேச்சி. எனக்கே எட்டலை," என்றான் அவன். அவன் ஆறடி. அவள் ஐந்தடிகூட இல்லை.

கணவனின் பழைய காக்கிப் பேன்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். மூக்கின் அடியில் நாணு அறைந்து வைத்திருந்த இரும்பு ஆணியில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே கை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எம்பினாள். கால் வழுக்கியது.

ஓர் ஆள் உயரம் விழுந்து அந்தரத்தில் தொங்கினாள். கீழே வெங்கிடேஸ்வரன், இடுப்பைச் சுற்றிய கயிறு இழுத்த வேகத்தில் பாறையில் மோதி நின்றான். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. கயிற்றை அவன் விடவில்லை.

"கேட்டேளா, கை போயிடுத்தா?"

"கை கிடக்கட்டும். எறங்கறயா?"

"இல்லை. இங்கேந்து பாத்தா இடப்பக்கம் துளை துளையாத் தெரியறது. அதைப் பாத்துட்டு வரேன்."

மழைநீர் அரித்த சிறு துளைகள். நாணுவின் தடித்த விரல் நுழையாது. அவளுக்கு இரண்டு விரல் நுழைந்தது. ஒவ்வொரு துளையாகத் தடவித் தடவி, கால்மணி நேரத்தில் மூக்கைச் சுற்றி மேலே போய்விட்டாள்.

பக்கத்திலிருந்த சுலபமான வழியில் கயிற்றை இறக்கினாள். நாணு அதை எடுக்கப் போனான்.

"நாணு, அவர் வரட்டும்," என்றாள் மேலிருந்து.

"என்னால ஆகாது," என்றான் வெங்கிடேஸ்வரன்.

"நான் பிடிச்சிண்டிருக்கேன். கீழே பாக்காம வாங்கோ."

கைகளில் துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அவன் ஏறினான். முக்கால் மணி நேரம் ஆனது. "பிடிச்சிருக்கயா?" என்று பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். பத்துத் தடவையும் அவள் "ம்" என்றாள். உச்சியில் அவன் எழுந்து நிற்க மறுத்து, உட்கார்ந்தபடியே, மலைக்கணவாய் வழியே வீசிய காற்றில் சிரித்தான். கீழே கோயம்புத்தூர் ரயில் தீப்பெட்டிகளைக் கோத்ததுபோல் போனது.

பின்னாலேயே ஏறி வந்த நாணு, ஏறிய வழிகளைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். "புது வழிக்கு சேச்சி பேரை எழுதட்டா?"

"வேண்டாம். 'இடப்பக்கம்'னு எழுதுங்கோ. வரவாளுக்கு ஒதவும்."

திங்கட்கிழமை காலை எர்ணாகுளம் படகில் வெங்கிடேஸ்வரன் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆலை வரை துணைக்கு வந்த அவள் கையில் அவனுடைய சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"அடுத்த ஞாயிறு எங்கே?" என்று கேட்டான்.