சீட்டைப் பார்த்து வாங்கிய கார்

உலகத்தில் யாராவது சீட்டைப் பார்த்துக் கார் வாங்குவார்களா? என் வீட்டுக்காரர் வாங்கினார். அதுவும் தன் கையால் வெட்டிய தோல் சீட்டைப் பார்த்து!

எங்களுக்கு உறை தைக்கிற தொழில். அவர் வெட்டுவார், நான் மெஷினில் உட்காருவேன். ஏலக் கடைக்காரர் ஒரு பழங்காலக் காரின் சீட்டுகளை மட்டும் கழற்றி அனுப்பியிருந்தார். கம்பியெல்லாம் துரு. "பழசுன்னா துரு இருக்கத்தானே செய்யும்," என்றார் இவர். புதுக் கறுப்புத் தோல் போட்டுக் கொடுத்தோம். பிறகு ஏலத்தில் அந்தக் காரைப் பார்த்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் சோபா உறைகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேனை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஏலக்காரரிடமே விற்றுவிட்டு இதை ஓட்டி வந்து நிறுத்தினார்.

வைப்பரைப் போட்டால் ஹாரன் அடித்தது. பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடிக்கவில்லை. மரத்தில் முட்டி நின்றதால் முன்சீட்டில் இருந்த என் மகள் பிழைத்தாள். அன்றைக்கே தரை விரிப்பைக் கிழித்துப் பார்த்தேன். அடியில் காய்ந்து வெடித்த வண்டல். செத்த நத்தை வேறு.

ஏலக்காரரிடம் போய் நின்றோம். "உள்ளது உள்ளபடின்னுதானே வித்தேன்? பார்த்து வாங்கியிருக்கணும் தங்கச்சி."

"எதைப் பார்க்கிறது? நனைஞ்சதையெல்லாம் எங்க கையாலயே மூட வச்சுட்டுப் பார்க்கணுமா?"

அந்த ஆள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருப்பிக் கொண்டாங்க," என்றார். "விரிப்பை மாத்தி மறுபடி ஏலத்துல விட்டுடலாம். வாயை மட்டும் திறக்காதீங்க, உங்க வேன் திரும்பி வந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் தலையைச் சொறிந்தார். "ஊர் உலகத்துல நடக்காததா? உனக்கு வேன் வேணாமா?"

வேண்டும்தான். மூட்டையைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிகிறது. அதற்காக இன்னொருத்தி பிள்ளையை அந்த முன்சீட்டில் உட்கார வைப்பதா? கேட்கிறாரே, இவருக்கு நாக்கு கூசவில்லையா?

பின்சீட்டின் உறையை உருவி மெஷினில் போட்டேன். கறுப்புத் தோலில் வெள்ளை நூல், எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்: 'இந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியது.'

இவர் பதறிப்போனார். "ஐயோ, இனி இதை எவன் வாங்குவான்?"

"சீட்டைப் பார்த்துத்தானே வாங்குறீங்க? நல்லாப் பார்த்து வாங்கட்டும்."

உறையை மாட்டிவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.