வைசூரி இல்லை

ஹனீபுக்கு அந்தக் கொட்டை எழுத்தின் மேல் அப்படி ஒரு கர்வம். திருவள்ளூர் கடைவீதியில் அவன் அச்சுக் கோக்கிற பிரஸ்ஸில் அது தனிப் பெட்டியில் கிடந்தது. மரத்தில் செதுக்கியது, உள்ளங்கை அகலம். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையிலும் காலிலும் செங்கல் வைத்தாற்போல் சதுரக் கட்டை. மெல்லிசாக ஒரு கோடு கிடையாது.

ஐம்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஊருக்குள் வைசூரி வந்தது. நோய் கண்ட வீட்டுக் கதவில் ஒட்ட சுகாதார இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் கேட்டார். தூசி தட்டி அந்தப் பெட்டியை எடுத்தவன் ஹனீப்தான். ‘வைசூரி’ என்ற ஒரே சொல் தாளையே அடைத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் எழுத்தே அறியாதவர்களும் அந்தக் கறுப்பைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போனார்கள். அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம் வேறு, பைத்தியக்காரன்.

பிறகு அவன் மகள் சைதாவுக்கே உடம்பெல்லாம் தடித்தது. சந்தேகத்தின் பேரில் அவன் கதவிலும் நோட்டீஸ் ஏறியது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தங்கை ஆபிதா நிறைமாதமாக உள்ளே இருந்தாள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “வெறும் வேர்க்குரு. நாளைக்கு ஆள் வந்து கிழிப்பான், நீ கை வெச்சா கேஸாயிடும்” என்றார்.

அன்றைக்கே ஆபிதாவுக்கு வலி எடுத்தது. வண்டிக்காரன் கதவைப் பார்த்ததுமே மாட்டைத் திருப்பினான். ஹனீப் பிரஸ்ஸுக்கு ஓடினான். ‘வைசூரி இல்லை’ என்று அதே எழுத்தில் கோத்து, அடித்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஒட்டிய கையோடு மருத்துவச்சி செங்கம்மாளிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவளும் அரைமனசாகக் கிளம்பி வந்தாள்.

தெருமுனையில் நின்றுவிட்டாள்.

“இன்னா பாய், ஒண்ணு ஒட்டிக்கீதுன்னு சொன்னே. ரெண்டு கீதே! இன்னொருத்தருக்கும் வந்துட்ச்சா?”

“ஐயோ, அது இல்லைன்னு போட்ட நோட்டீஸும்மா! நானே அடிச்சது. கிட்ட வந்து பாரு!”

“கிட்ட வந்தா மட்டும் எனக்குப் படிக்கத் தெரியுமா? அந்த எழுத்தப் பாத்தாலே தெரியுது. என் மவ கைக்கொழந்தையோட ஊட்ல கீறா பாய். என்ன உட்டுடு.”

போய்விட்டாள். ஹனீப் கதவடிக்கு ஓடினான். கேஸாவது ஒன்றாவது என்று இரண்டு தாள்களையும் பற்றி இழுத்தான். அவன் காய்ச்சிய பசை, லேசில் விடுமா? தாள் பாதியில் கிழிந்தது. எழுத்துகளின் சதுரக் கால்கள் மட்டும் வரிசையாகக் கதவிலேயே நின்றன.

“அண்ணே, செங்கம்மா வந்துட்டாளா?” என்று உள்ளிருந்து ஆபிதா கத்தினாள்.

ஹனீப் நகத்தால் கதவைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.