பொறி பார்த்து எடுத்த பேட்டரி

திருமங்கலத்தில் காசிமாயன் நல்லது என்று சொன்னால்தான் அது பேட்டரி, இல்லையென்றால் வெறும் பெட்டி. லாரிக்காரர்கள், மைக்செட்காரர்கள், டிராக்டர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவன் கடைக்குத்தான் வருவார்கள். புதுப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பழைய அரத்தைத் தட்டுவான். பொறி சடசடவென்று பறந்தால் நல்ல சரக்கு. பறக்காவிட்டால் மூஞ்சியைச் சுளித்து ஓரமாகத் தள்ளிவிடுவான். இருபது வருஷமாக இந்தப் பரீட்சை தப்பியதில்லை. தப்பியிருந்தாலும் அவனிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஞானம் நர்ஸ் அவனைத் தேடி வந்தாள். மேற்கே எட்டு மைல் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே மிஷன்காரர்கள் கட்டிய ஓட்டுவீட்டில் தனியாக இருந்து பிரசவம் பார்க்கிறவள். பக்கத்து ஊர் வரை வந்த கரண்ட் கம்பம் அந்த வீட்டுக்கு வரவில்லை. வெளிநாட்டுச் சபை ஒன்று வெயிலில் கரண்ட் எடுக்கும் தகடு இரண்டு அனுப்பியிருந்தது. தகட்டைக் கூரையில் மாட்டிய மெட்ராஸ் இஞ்சினியர், மற்ற சாமான்களை இங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒயர், ஃப்யூஸ், பன்னிரண்டு வோல்ட் டியூப்லைட் எல்லாம் சீட்டில் கண்டபடி எடுத்து வைத்தான். பேட்டரிக்கு நேரே மட்டும் ‘டியூபுலர்’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன வகை தம்பி?” என்று ஞானம் கேட்டாள்.

காசிமாயனுக்குத் தெரியாது. ரயில்வேயில் அப்படி ஏதோ உண்டு என்று காதில் விழுந்ததோடு சரி. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கடை வாசலில் நாலு லாரிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்களே.

“அதெல்லாம் ரயிலுக்குப் போடுறது நர்ஸம்மா. உங்களுக்கு ஒத்த லைட்டு. மலையேறுற லாரிக்குப் போடுறதையே தாரேன், இங்க பாருங்க” என்று அரத்தைத் தட்டினான். பொறி பறந்தது. அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள், லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அத்தோடு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாலு மாதத்தில் விளக்கு மங்கிவிட்டது. பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈயத் தகடெல்லாம் உதிர்ந்து சேறாகக் கிடந்தது. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மதுரை ரயில்வே ஷெட்டில் பேட்டரி வேலை பார்க்கும் ராயப்பனிடம் போய்க் கேட்டான்.

“லாரி பேட்டரி ஒரே மூச்சுல மூட்டை தூக்குறவன் மாதிரி. எஞ்சினைக் கிளப்பிவிட்டுட்டு உக்காந்துக்கிரும். அதை விடிய விடிய எரிய விட்டா செத்துப்போகும். விடிய விடிய எரியிறதுக்குன்னே இருக்கிறதுதான் டியூபுலரு. நீ போயி பொறி பாத்தா எடுத்த?” என்றார் ராயப்பன்.

காசிமாயன் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினான். அப்போதாவது சரியான பேட்டரியை வாங்கி மாட்டியிருக்க வேண்டும். மாட்டினால் முதலில் கொடுத்தது தப்பு என்று ஊருக்கே தெரிந்துபோகும். அந்த வெட்டி வீறாப்பில் இன்னொரு லாரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான்.

“என்ன கோளாறு தம்பி?” என்று ஞானம் கேட்டாள்.

“ராத்திரி பூரா எரிய விட்டீகளா?”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. “ஒரு நாள் விட்டேன். தலைப்பிரசவம், விடியிற வரைக்கும் இழுத்துருச்சு.”

“அதான் போயிருச்சு. இனிமே பாத்து எரிங்க” என்றான். சொன்னபோதே நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஐப்பசியில் சோணை கடைக்கு வந்தான். ஞானத்தின் வீட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். டிராக்டர் பேட்டரியைச் சார்ஜுக்கு இறக்கி வைத்துவிட்டுப் பேச்சுவாக்கில் சொன்னான்.

“எங்க ஊரு அன்னக்கொடிக்குப் போன மாசம் பொம்பளப்பிள்ளை பிறந்துச்சு அண்ணே. ஆனா இனிமே பிள்ளை கிடையாது. கர்ப்பப்பையை எடுத்துட்டாக.”

“என்ன மாப்ள ஆச்சு?”

“பிள்ளை பிறக்குறப்ப மட்டும் நர்ஸம்மா லைட்டைப் போட்டுச்சு. பிறந்ததும் அமத்திருச்சு, பேட்டரி போயிருமாம்ல. அரிக்கேன் வெளிச்சத்துல ரத்தம் போனது தெரியல. பாயெல்லாம் நனைஞ்சு நர்ஸம்மா கால்ல பிசுபிசுத்தப்பத்தான் தெரிஞ்சிச்சு. டிராக்டர்ல போட்டு மதுரைக்குக் கொண்டுபோயி உசுரைக் காப்பாத்துனோம். பாவம், அந்தம்மாதான் அழுகுது. முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க எரிச்சுக் கெடுத்துட்டேன், அதான் பயந்து அமத்துனேன்னு.”

காசிமாயன் கையில் இருந்த ஆசிட் குடுவையைக் கீழே வைத்தான். அந்தப் பெண்ணின் வயிற்றைத் தானே கிழித்துவிட்டதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுவாரம் ராயப்பன் மூலமாக டியூபுலர் பேட்டரியை வாங்கி, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு ஞானத்தின் வீட்டுக்குப் போனான். அரத்தைக் கையில் எடுக்கவே இல்லை. மாட்டி முடித்தபோது ஞானம் குனிந்து பார்த்தாள்.

“இது வேற மாதிரி இருக்கே தம்பி.”

புதுசாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

“உங்க சீட்டுல இருந்தது இதுதான் நர்ஸம்மா. அன்னைக்கு எனக்குத் தெரியாது. நாலாம் மாசம் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் உங்க மேல பழியைப் போட்டேன். நீங்க எம்புட்டு நேரம் எரிச்சிருந்தாலும் தப்பு உங்களுது இல்ல.”

ஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“தினம் ஜெபத்துல இந்த ஒண்ணைத்தான் சொல்லி அழுதுட்டு இருக்கேன். எம் பாவம்னு” என்றாள்.

அவன் தலை குனிந்து நின்றான். திட்டினால் தேவலாம் போலிருந்தது.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அன்னக்கொடி இன்னைக்கு மாத்திரைக்கு வருவா. அவகிட்டயும் நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

மதியத்துக்கு மேல் அன்னக்கொடி வந்தாள். இருபது வயதுக்கு மேல் இராது, நடையில் இன்னும் தள்ளாட்டம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்கதான் லைட்டுக்கார அண்ணனா? எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. உங்க லைட்டு இருக்கப்போயித்தான் எம்பிள்ளை நல்லபடியாப் பிறந்துச்சு. இந்தாங்க, ஒரு தடவை கையில வாங்கிக்கங்கண்ணே.”

மறுக்க வாய் திறப்பதற்குள் பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டாள். ஆசிட் பட்டுக் கறுத்த அவன் விரலைப் பிள்ளை பிடித்துக்கொண்டது. உள்ளே மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த ஞானம் எண்ணுவதை நிறுத்தினாள்.

“தாயி, முதல்ல பிள்ளையை வாங்கிக்க. நான் சொல்றதைக் கேட்டப்புறம் எங்கிட்ட இருக்கவிட மாட்ட” என்றான் காசிமாயன்.

அவன் விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்து, அன்னக்கொடி சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.