சின்னத் துணையோடு ஒரு ஏஸ்

ஓட்டு எண்ணி முடித்தபோது மூன்று பேருக்கும் ஏழேழு. வெர்னன் ஸ்ட்ரௌட், பெய்யோ, நான். பார்லோ வெல்ஸ் தொண்டர் தீயணைப்புப் படையில் மொத்தமே இருபத்தோரு பேர். அத்தனை பேரும் ஞாயிறு மதியம் வண்டிக் கொட்டகையில் கூடியும் ஒரு கேப்டனைத் தேர்ந்தெடுக்கத் துப்பில்லை.

ஊர் குமாஸ்தா ஓப்பல் பையிலிருந்து புதுச் சீட்டுக்கட்டை எடுத்தாள். "சமமா வந்தா என்ன செய்வோம்னு தெரியும்ல? ஆளுக்கு ஒரு சீட்டு இழுங்க. பெரிய சீட்டு வந்தவங்க கேப்டன்."

எங்கள் நெவாடா பக்கம் அதுதான் வழக்கம். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். போன ஆகஸ்டில் புல்வெளி எரிந்தபோது காற்று திரும்புவதைப் பார்த்துவிட்டு, மலைப் பாதை வேண்டாம், ஓடைப் பாதையில் வாருங்கள் என்று ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினேன். அன்று பொறுப்பில் இருந்தவன் வெர்னன். "தாயே, நீ தண்ணிய ஓட்டு. யோசிக்கிறத நாங்க பாத்துக்கறோம்" என்றான். வண்டிகள் மலைப் பாதைப் புகையில் மாட்டிக்கொண்டன. பண்ணைக்காரர் ஹால்வர்சனின் வைக்கோல் கொட்டகையும் உள்ளே இருந்த மூன்று குதிரைகளும் போயின. இந்த வருடம் புல் இன்னும் மோசமாகக் காய்ந்து கிடக்கிறது. இனி எந்தப் பாதை என்று சொல்லும் வாய் என்னுடையதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சீட்டு இழுக்க என்ன திறமை வேணும்? கண்ண மூடிட்டு யாரு வேணா இழுக்கலாம்" என்றேன். "மூணு பேரும் போக்கர் ஆடுவோம். கடைசியில யாருகிட்ட சில்லு இருக்கோ அவங்க கேப்டன்."

வெர்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சனிக்கிழமை தோறும் இதே கொட்டகையில் ஒன்பது நாற்காலி போட்டு ஆடுவோம். அதில் பாதி வாரம் ஜெயிப்பவன் அவன். "போக்கரா? நீயா? சரி, நீயே கேட்டு வாங்கிக்கிற."

பெய்யோ மட்டும் தலையைச் சொறிந்தார். "சீக்கிரம் முடிங்கப்பா. அடுப்புல ஆட்டுக்கறி வெந்துட்டு இருக்கு."

ஆளுக்கு நூறு பந்தயச் சில்லு. ஓப்பல் சீட்டுப் போட்டாள். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து.

சனிக்கிழமை மேசையில் ஒரு பாடம் எல்லோருக்கும் மனப்பாடம்: ஏஸோடு நாலு, மூணு என்று பொடிச் சீட்டு வந்தால் தூக்கி எறி. ஒன்பது பேர் ஆடும்போது இன்னொருவன் கையிலும் ஏஸ் இருக்கப் பத்துக்கு ஏழு வாய்ப்பு. அவன் ஏஸுக்குத் துணையாக ராஜா இருந்தால் நம் கதை கந்தல். நியாயம்தான். ஆனால் இன்றைக்கு நாற்காலி மூன்றுதானே! மூன்று பேரில் இன்னொரு ஏஸ் வெளியே இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்புக்குக் கொஞ்சம் கூட. அதிலும் இரண்டு சீட்டும் ஒரே சின்னமாக இருந்தால், யாராவது மல்லுக்கு வந்தாலும் அந்தச் சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்து ஜெயிக்க வழி இருக்கிறது. லாரி ஓட்டிக்கொண்டே இந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். இவர்கள் போட்டதில்லை. நாற்காலி குறைந்தது இவர்கள் மண்டையில் ஏறவே இல்லை.

டைமண்ட் ஏஸும் நாலும் வந்தன. பந்தயத்தை ஏற்றினேன். இருவரும் மல்லுக்கு வராமல் சீட்டைக் கீழே போட்டார்கள். கிளாவர் ஏஸும் ஆறும் வந்தன. ஏற்றினேன். மறுபடி போட்டார்கள்.

"இவளுக்கு மட்டும் எப்படி ராஜாவும் ராணியுமா வருது?" என்று பெய்யோ அங்கலாய்த்தார்.

அடுத்து ஆர்ட்டின் ஏஸும் மூணும். நான் ஏற்ற, பெய்யோ கூடவே வந்தார். நடுவில் ஒரு ராஜா, இரண்டு சிறிய ஆர்ட்டின். அவர் கையில் ராஜா இருந்ததால் குஷியில் எல்லாச் சில்லையும் தள்ளினார். நானும் போனேன். நான்காவது சீட்டிலேயே இன்னொரு ஆர்ட்டின் விழுந்து எனக்கு ஐந்தும் சேர்ந்துவிட்டது. பெய்யோவுக்குத் துளி வருத்தமில்லை. "நல்லதாப் போச்சு, கறி அடி புடிக்காம இருக்கும்" என்று எழுந்து அடுப்புக்குப் போனார்.

மிச்சம் வெர்னனும் நானும். அவன் ஏற்றினான். என் கையில் இஸ்பேட் ஏஸும் ஐந்தும். அவன் ஏற்றியதைப்போல் மூன்று மடங்கு வைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஏஸையும் ஜாக்கியையும் எல்லோரும் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு, "பெரிய ஜோடி வச்சிருக்கா. நான் ஏமாறுவேனா?" என்று பெருமையடித்தான்.

நான் என் ஐந்தைத் திருப்பிக் காட்டினேன். அவன் தூக்கிப் போட்டதுதான் பெரிய கை.

கொட்டகையே அதிர்ந்தது. யாரோ வாளியைத் தட்டினார்கள். வெர்னனின் கழுத்து சிவந்து காதுவரை ஏறியது. "பொடிச் சீட்ட வச்சுக்கிட்டா இந்த ஆட்டம் போடுற?"

"நீ யோசிச்சுப் பாத்துக்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. அதுதான் எனக்கும் வேண்டும். நாலைந்து ஆட்டம் கழித்துக் கிளாவர் ஏஸும் ரெண்டும் வந்தன. ஏஸுக்கு அதைவிட நோஞ்சான் துணை சீட்டுக்கட்டிலேயே கிடையாது. ஏற்றினேன்.

"மொத்தமும்!" வெர்னன் சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளினான். "வா தாயே, வா. உன் பூச்சாண்டி எல்லாம் தெரிஞ்சு போச்சு. கைல ஒரு மண்ணும் இல்ல."

என்னிடம் அவனைவிடச் சில்லு அதிகம். தோற்றால் பாதிக்குக் கிட்டப் போகும், ஜெயித்தால் அத்தோடு ஆட்டம் முடியும். பெரிய ஜோடி கிடைத்தவன் இப்படிக் கத்தமாட்டான், சத்தமில்லாமல் என்னை இழுத்துப் பார்ப்பான். இது ரோஷத்தில் தள்ளிய சில்லு. ரோஷக்காரன் கையில் ஏஸ் இருக்க வாய்ப்புக் குறைவு, ஒன்று என்னிடம் இருக்கிறதே.

"வந்துட்டேன்" என்றேன்.

அவன் திருப்பினான்: ராஜா, ராணி, வேறு வேறு சின்னம். நான் திருப்பினேன். ரெண்டைப் பார்த்ததும் அவன் துள்ளிக் குதித்தான். "ரெண்டா? ரெண்ட வச்சுக்கிட்டா வந்த? போச்சு, உன் கப்பல் கவுந்துச்சு!"

ஓப்பல் மூன்று சீட்டை விரித்தாள். ஒன்பது, ஆறு, நாலு. அவனுக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. அடுத்தது பத்து. இப்போது ஜாக்கி வந்தால் அவனுக்கு வரிசை கட்டிவிடும், ராஜா ராணி வந்தால் ஜோடி. பெய்யோ கரண்டியோடு ஓடி வந்து என் பின்னால் நின்றார்.

கடைசிச் சீட்டு மூணு.

வெர்னன் நடுவில் கிடந்த ஐந்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஜோடி எங்க? அவளுக்கு ஜோடி எங்க இருக்கு?"

"ஜோடி யாருக்கும் இல்ல வெர்னன்" என்றாள் ஓப்பல். "அப்போ பெரிய சீட்டுதான் கணக்கு. அவ கைல ஏஸ் இருக்கு. உன் கைல இல்ல. ஆட்டம் முடிஞ்சுது."

பெய்யோ கரண்டியை உயர்த்திக் கத்தியதில் குழம்பு என் தோளில் கொட்டியது. ஆளுக்கு ஆள் முதுகில் அறைந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

வெர்னன் வெள்ளைத் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "சொல்லு, என்ன செய்யணும்?"

"சுண்ணக்கட்டி எடு. காத்து மேற்க இருந்து அடிச்சா எல்லா வண்டியும் ஓடைப் பாதைதான். கரும்பலகையில பெருசா எழுது."

எழுதினான். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. அழித்துவிட்டு இன்னும் பெரிதாக எழுதச் சொன்னேன்.

"சரி கேப்டன்" என்றான்.