எங்கள் குழுவின் ஒரே கூடாரம்

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கப் போகிறவனுக்கென்று ஒரு நடை இருக்கிறது. முன்னால் ஓர் அடி வைத்தால் பக்கவாட்டில் ஓர் அடி போகும். சனிக்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் லயத்துக்கு ஏறும் பாதையில் நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் திலக்ஷன் நேராக நடந்தான். அவனுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை. கூடாரத்தைத் தூக்கிக் கொடுத்தது அவன் இல்லையே.

"சார், கொஞ்சம் வெரசா வாங்க. மழைக்கு முந்திக் கழட்டணும். நனைஞ்ச கேன்வாஸ நீங்களா சொமக்கப் போறீங்க?"

"சொமப்பேன்டா."

"போன தடவ மலைக்கு ஹைக் போனப்ப சாரோட பையையே நாங்கதான் சொமந்தோம்," என்றான் பின்னால் வந்த றுமைஸ். "நல்லவேளை, சாரையும் சேத்துத் தூக்கச் சொல்லல."

நான் லிந்துலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறேன். சாரணர் குழுவுக்கும் நான்தான் பொறுப்பாசிரியர். என் தகுதியைப் பார்த்து யாரும் தெரிவு செய்யவில்லை. "இதை யார் எடுக்கிறீர்கள்?" என்று அதிபர் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள், நான் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும், ஐம்பதைக் கடந்த முழங்கால்களை அரைக்காற்சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறேன். முக்கால்வாசி முடிச்சுகளை அவர்கள்தான் எனக்கு அவிழ்த்துக் கொடுக்கிறார்கள்.

எங்கள் குழுவிடம் இருந்தது ஒரே ஒரு கூடாரம். பழைய மாணவர் ஒருவர் வெளிநாடு போய், ஊரை மறக்காமல் வாங்கி அனுப்பிய நல்ல கனத்த கேன்வாஸ். நானுஓயா ஸ்டேஷனில் அது வந்து இறங்கிய நாளில் பிள்ளைகள் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கூட்டிவந்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு இரவுகூட எங்களில் யாரும் படுத்ததில்லை. மாவட்ட முகாமுக்குத் தயாரானோம், கொரோனா வந்தது. அடுத்த முகாமுக்குத் தயாரானோம், நாட்டில் பெட்ரோல் இல்லை. அதற்கடுத்த முகாமுக்குப் பையெல்லாம் கட்டி வைத்திருந்தபோது அந்தப் புயல் மழை. இவ்வளவும் நடக்கையில் திலக்ஷன் குள்ளப் பையனாக இருந்து, அணித் தலைவனாகி, மீசையும் வளர்த்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை நுவரெலியாவில் தொடங்கும் முகாம்தான் அவனுக்குக் கடைசி. இது முடிந்ததும் வயது எல்லை தாண்டிவிடும், கொழும்புக்கு வேலைக்கும் போய்விடுவான். சொந்தக் கேன்வாஸ் கூடாரம் இல்லாத குழு பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்க முடியாது என்று சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பாடசாலைகளில் கேட்டுப் பார்த்தேன். அவரவர் கூடாரத்தில் அவரவர் படுக்கிறார்கள்.

எங்கள் கூடாரத்தில் செல்லசாமி குடும்பம் படுத்திருந்தது.

புயலுக்கு மறுநாள் மேக்கணக்கில் ஒரு லயத்தின் பின்சுவர் பிளந்தது. மற்றக் குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருந்த செல்லசாமிக்கும் பிரியந்திக்கும் போக இடமில்லை; அவள் அப்போது மாசமாக இருந்தாள். நான் கூடாரத்தைக் கொண்டுபோய் என் கையாலேயே கட்டிக் கொடுத்தேன். "ரெண்டு வாரத்துக்கு வச்சிருங்க, அதுக்குள்ள வீடு குடுத்துருவாங்க," என்று வீடு கொடுப்பவன் மாதிரியே சொன்னேன். பிரதேசச் செய்திப் பக்கமொன்றில் படமும் வந்தது. அதில் நான் வயிற்றை உள்ளே இழுத்திருப்பதை இன்றைக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அது நவம்பர். இப்போது ஜூன். வீட்டுக்கு நிலம் அளக்க வந்தவர்கள் அளந்துகொண்டு போனார்கள். நிலம் யாருடையது என்று தீரவில்லை. கூடாரத்துக்கே ஒரு குழந்தையும் வந்து சேர்ந்தது.

நேரில் கேட்கத் தைரியம் இல்லாததால், புதன்கிழமையே அந்த லயத்துப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தப் பிள்ளை சொல்ல மறந்திருக்க வேண்டுமென்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மறக்கவில்லை. நாங்கள் போனபோது கூடாரம் வெறுமையாக இருந்தது. பிரியந்தி உள்ளே விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். சாமானெல்லாம் நேத்தே எடுத்துட்டோம். மடிச்சும் வச்சிருப்போம், இத எப்படி மடிக்கிறதுன்னுதான் இவருக்குத் தெரியல."

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன். அது பணிவு இல்லை, உண்மை.

திலக்ஷன் கூடாரத்தைச் சுற்றி வந்தான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். தரையைத் தொட்டுப் பார்த்தான்.

"யாரு சார் வாசல இந்தப் பக்கம் வச்சது? காத்து நேரா உள்ள போகுதே."

"நான்தான்."

"அதானே பாத்தேன்."

"டேய், நான் கட்டினப்ப வடகீழ் பருவக் காத்து. வாசலை அதுக்கு முதுகுப் பக்கமா வச்சேன். சரியாத்தான் வச்சேன். இப்ப தென்மேல் காத்து. ரெண்டு வாரத்துக்குன்னு கட்டினதுடா அது."

பருவக்காற்று மாறும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பிக்கிறவன் நான். அது இந்தக் கூடாரத்துக்கும் சேர்த்துத்தான் மாறும் என்று ஏனோ தோன்றவில்லை.

"ரெண்டு மாசமா வாசல்ல படங்கத் தொங்கவிட்டுத்தான் படுக்குறோம்," என்றாள் பிரியந்தி. கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தத் தடித்த படங்கு கூடாரத்து வாசலில் நனைந்து தொங்கியது. "சொல்லியிருக்கலாம். சார் வேற கஷ்டப்பட்டுக் கட்டினீங்க, மனசு சங்கடப்படுவீங்கன்னு..."

திலக்ஷன் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். செல்லசாமி அந்தப் பக்கம் காம்பரா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சார், உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்தியிருக்கு."

காம்பராவுக்குள் சாமான்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. கூரைக் கட்டையில் சேலைத் தொட்டில், அதில் குழந்தை தூங்கியது. அதற்குப் பின்னால் சுவர். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. என் கை மணிக்கட்டு வரை போகும். அதற்குள்ளே மலையும் பனியும் தெரிந்தன.

"காத்தோட்டத்துக்குக் கொறச்சலே இல்ல சார்," என்று செல்லசாமி சிரித்தார். "தொரை பங்களாவுலகூட இப்படி வராது."

பிளவின் குறுக்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மொதல்ல மண்சரிவு பாக்க வந்த ஆபீசருங்க ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனாங்க. வெடிப்பு பெருசானா சீட்டு கிழியும், கிழிஞ்சா ஒடனே வெளிய வந்துரணும்னாங்க. மறுநாளே கிழிஞ்சிருச்சு. இது நேத்து நான் ஒட்டினது. கலண்டர் அட்டை. நல்ல தடிச்சது சார், லேசுல கிழியாது."

தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன். மழைக்கு முன் வரும் அந்தக் குளிர் பிளவு வழியாக உள்ளே வந்து தொட்டிலை அசைத்தது. வேண்டாம், நீங்கள் கூடாரத்திலேயே இருங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் வெளியே போய்த் திலக்ஷனிடம், உனக்கு முகாம் இல்லை என்று சொல்ல வேண்டும். எந்த வாக்கியத்தை முதலில் தொடங்குவது என்று யோசித்தபடி, காலியான கோப்பையை இன்னொரு முறை குடித்தேன்.

"அண்ணே, மம்பட்டி இருக்கா?"

திலக்ஷன் வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவன் கண் சுவரில் இருந்தது.

செல்லசாமி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிடுங்க வராத முளைக்காக இருக்கும் என்று நினைத்தேன். நான் வெளியே வந்தபோது கூடாரம் தரையில் விழுந்து கிடந்தது. திலக்ஷன் அதை மடிக்கவில்லை. இருந்த இடத்தைச் சுற்றி, மழைத் தண்ணீர் ஓட ஆழமாகக் கான் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டில் கோபம் தெரிந்தது. மண் என் காலிலிருந்த சப்பாத்து வரை தெறித்தது.

"டேய், கழட்டத்தானே வந்தோம்?"

"கழட்டியாச்சே சார்."

"அப்ப இது?"

"அந்தக் கம்பத்தப் புடிங்க. நேரா. நேரான்னா நேரா சார், நீங்க சாயாதீங்க."

றுமைஸ் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "மச்சான், அப்ப முகாம்?"

"நீ போ. ஒங்க வாப்பா கடையில பெரிய கொடையா ஒண்ணு எடுத்துட்டுப் போய் விரிச்சுப் படு."

"நீ இல்லாம நான் மட்டும் எங்கடா போக?"

"அப்ப வாய மூடிக்கிட்டு மத்தக் கம்பத்தப் புடி."

செல்லசாமி பதறி ஓடிவந்தார். "தம்பி, வேணாம் தம்பி. ஒங்களுக்குப் போட்டி இருக்காமே. நாங்க எப்படியாச்சும் பாத்துக்குவோம். சார், நீங்க சொல்லுங்க சார்."

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் இரண்டு கைகளும் கம்பத்தில் இருந்தன, மூக்கில் பனித்துளி.

"அவன் சொல்றதக் கேளுங்க செல்லசாமி," என்றேன். "நானே கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

வாசலைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பினான். காற்று வரும் திசைக்கு முதுகு வைத்தான். பிரியந்தியின் படங்கை மடித்து அடியில் விரித்தான். ஒவ்வொரு முளையையும் சரித்து அடித்து, ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தட்டிப் பார்த்து இறுக்கினான். முகாமில் ஆய்வுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பார்கள். இங்கே ஆய்வுக்கு இருந்தது நான் ஒருவன்தான். எனக்கு வாசலே சரியாக வைக்கத் தெரியாது.

தூறல் விழத் தொடங்கியது. பிரியந்தி முதல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றான் திலக்ஷன். "தண்ணி வருதான்னு பாக்கணும்."

சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தான். குனிந்து உள்ளே போனான். வாசல் துணியை உள்ளிருந்து கட்டிக்கொண்டான்.

மழை கனத்தது. கேன்வாஸ் மேல் விழும் சத்தம் எங்களுக்கே அவ்வளவு கேட்டது, உள்ளே எப்படி இருந்திருக்கும். காலடிச் சத்தம் இல்லை. ஒரு பக்கத்துத் துணி மட்டும், உள்ளே யாரோ கால் நீட்டியது போல, சற்றே வெளியே புடைத்து அப்படியே நின்றது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. றுமைஸ் கூப்பிட வாயெடுத்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன். அவன் போய், மழையில் நிறைந்துகொண்டிருந்த சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். பிரியந்தி பானையோடு கூரையோரம் நின்றாள். செல்லசாமி, அவசரமே இல்லாத மனிதராக, வெட்டிய கானையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அவன் பின்தலை முடி படிந்திருந்தது.

"ஒரு சொட்டு வரல," என்றான். "பானைய வைங்கக்கா. பாப்பாவ மொதல்ல கொண்டாங்க."

குழந்தை வந்தது, தொட்டில் சேலை வந்தது, ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது. செல்லசாமி கூடாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஐப்பசிக்கு மேல காத்துத் திரும்ப மாறுமே தம்பி?"

"அப்ப சாரைக் கூப்பிடுங்கண்ணே. நான் இருக்க மாட்டேன்." என் பக்கம் திரும்பினான். "சார், கான் வெட்டாம கட்டக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது," என்றேன்.

பஸ்ஸில் மூன்று பேரும் நனைந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். மாவட்டச் சாரணர் ஆணையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் குழு தங்க வராது என்றேன். கூடாரம் இருப்பதாகத்தானே பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "இருக்கு சார்," என்றேன். "ஒரு குடும்பத்தோட பாவனையில இருக்கு." அவருக்குப் புரியவில்லை, அப்படியானால் பகலில் வந்து வாகனங்களை ஒழுங்குபடுத்த உதவுங்களேன் என்றார்.

திலக்ஷனிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். ஜன்னலில் தலையைச் சாய்த்து, மண் அப்பிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு அவன் தூங்கியிருந்தான். இறங்கும் இடம் வரை எழுப்பவில்லை.